நல்ல காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போட்ட சாவு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாயே, “நாப்பது வருஷம் ஆயிடுச்சு, இன்னமும் எதுக்கும்மா அப்பாவுக்குக் கருமாதி? மனசுல நெனச்சிக்கிட்டா போதாதா?” என்று. நான் போனை வைத்துவிட்டேன். கடலூர் முழுக்கப் பிள்ளைகளை அதட்டி மேய்த்த டீச்சருக்குப் பேச்சுக்கா பஞ்சம்? வாய்வரை வந்த பேச்செல்லாம் உன் மகள் பக்கத்தில் நிற்கும்போது சொல்லக் கூடாத பேச்சாக இருந்தது, அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். இதை உன் பெண்டாட்டி படிக்கட்டும். சிதம்பரத்தில் இருக்கிற உன் அத்தையும் சித்தப்பாவும் படிக்கட்டும். தபால்காரர் வழியில் பிரித்துப் படித்தாலும் எனக்கு ஒன்றும் போகப்போவதில்லை.

உன் அப்பாவை நீ பார்த்ததில்லை. போட்டோவில் பார்த்திருக்கிறாய், தொப்பியும் விறைப்புமாக. அந்தப் போட்டோவில் இருப்பவரை எனக்கும் அவ்வளவாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் வேறு ஆள். கீரப்பாளையத்து வயல்காட்டிலிருந்து அண்ணாமலை நகருக்கு சைக்கிளில் போய்ப் படித்துவிட்டு, விமானப்படையில் சேர்ந்து, குண்டு போடுகிற விமானத்தில் பைலட்டுக்கு வழி சொல்கிற நேவிகேட்டர் வேலை பார்த்தவர். கல்யாணமான புதிதில் சிதம்பரம் கோயிலில் நான் கோபுரம் மாறி வெளியே வந்து, எந்த வீதி என்று தெரியாமல் அழுதுகொண்டு நின்றேன். தேடி வந்தவர் திட்டவில்லை. “நாலு கோபுரமும் ஒரே மாதிரி கட்டி வச்சா நீ என்னா பண்ணுவ? இனிமே தொலைஞ்சா தொலைஞ்ச எடத்துலயே நில்லு, நான் வந்து கண்டுபுடிச்சிக்கிறேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிதம்பரம் பக்கத்தில் பிறந்தும் கத்திரிக்காய்க் கொத்சு பிடிக்காதவர். இலையில் விழுந்தால் வாழைப்பழத் தோலால் மூடி மறைப்பார். உன் கல்யாணப் பந்தியில் உன் அத்தை, “எங்கண்ணனுக்குக் கொத்சுன்னா உயிரு” என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? அவரை உயிரோடு வைத்திருந்த லட்சணம் அதுதான்.

எழுபத்தொன்றில் போர் வந்தது. கார்த்திகை தீபத்துக்கு ஏற்றிய அகல் விளக்குகளை நான் இன்னும் கழுவி எடுத்து வைக்கவில்லை, தந்தி வந்தது. மேற்கு எல்லையைத் தாண்டிப் போன விமானம் திரும்பவில்லை, கணவரைக் காணவில்லை என்று. நீ வயிற்றில் இருந்தாய். காணவில்லை என்றால் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போர்க் கைதிகள் திரும்பி வருகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னபோதெல்லாம் உன்னை மடியில் போட்டுக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் அவர் இல்லை.

பிறகு ஒரு நாள் அவரோடு வேலை பார்த்த ஆபீசர் ஒருவர் சிதம்பரத்து வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். காபியைக் கையில் வாங்கிக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டு உன் தாத்தாவிடம் சொன்னார். “அவுங்க பிளேன் எங்களுக்கு முன்னால போச்சுங்க. அடி வாங்கித் தீப்புடிச்சு, அப்படியே தரையில போய் விழுந்ததை நான் என் கண்ணுல பாத்தனுங்க. ஒரு பாராசூட் கூட விரியலைங்க. அந்தப் பொண்ணு சும்மா காத்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னுதான் நேர்ல சொல்ல வந்தனுங்க.” நான் அங்கேதான் நின்றேன். நீ என் இடுப்பில் இருந்தாய், எட்டி அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாய். உன் தாத்தா, “தம்பி, வூட்டுல பொண்ணுக்குப் பேசி முடிச்சி வச்சிருக்கோம். இதை இப்ப வெளிய சொன்னீங்கன்னா கல்யாணம் நின்னு போயிடும். நல்ல காரியம் முடியட்டும்” என்றார். அந்த ஆபீசர் என்னைப் பார்த்தார். உன் தாத்தா பார்க்கவில்லை.

அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர், ராத்திரியெல்லாம் இருமுவதுபோல் அழுதவர். ஆனால் வீட்டில் ஒரு கருமாதி நடந்தால் வருஷம் திரும்புகிறவரை தாலி கட்டக் கூடாது, பால் காய்ச்சக் கூடாது, காது குத்தக் கூடாது. அந்தக் கட்டு நம் ஜனங்களுக்குப் பிள்ளையைவிடப் பெரிதாக இருந்தது. உன் அத்தை கல்யாணம் முடிந்தது. உடனே அவளுக்கு வளைகாப்பு வந்தது. அதற்குள் உன் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்புறம் மாடி கட்டிக் கிரகப்பிரவேசம். அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிக்கலாம் என்று உட்கார்ந்திருந்த கதை. சர்க்காரே இறந்தவர் என்று முடிவு செய்து எழுதி அனுப்பியது. “சர்க்கார் சொன்னா எம்புள்ள செத்துடுவானா?” என்றார் தாத்தா. கண்ணால் பார்த்தவர் வந்து சொன்னதைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் மறுபடி எழவே இல்லை. நான் மட்டும் நெற்றி நிறையப் பொட்டும், தலையில் பூவும், கழுத்தில் தாலியுமாக, வாசலில் கார் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கிறவள்போல் நடித்துக்கொண்டிருந்தேன்.

தாத்தா செத்தபோது எல்லாம் குறித்த நாளில் குறைவில்லாமல் நடந்தது. மூத்த பிள்ளை வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா வைத்தார். எப்படியும் ஒரு வருஷத்துக்கு வீட்டில் நல்ல காரியம் இல்லையே, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே செய்துவிடலாம் என்று நான் வாயைத் திறந்து கேட்டேன். உன் அத்தை என்ன சொன்னாள் தெரியுமா? “ஒரே வருஷத்துல ரெண்டு சாவு வூட்டுக்கு ஆவாது அண்ணி.” நல்ல காரியம் இருந்தாலும் ஆகாது, கெட்ட காரியம் இருந்தாலும் ஆகாது. அவர் சாவதற்கு ஒரு நல்ல நாள் அந்தப் பஞ்சாங்கத்தில் கிடையாது. அடுத்த வாரமே உன்னைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கு வேலைக்கு வந்துவிட்டேன்.

உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே, உனக்கும் இருக்கிறது. உனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது எந்த வழியில்? போரில் உயிர் நீத்த வீரரின் பிள்ளை என்ற வழியில். அப்போது உன் அப்பா செத்தவர். உன் சித்தப்பாதான் ஓடி ஓடி சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுத்தார், அதற்கு மட்டும் யாருக்கும் தீட்டு இல்லை. இரண்டாயிரத்து நாலில் உனக்கு நெய்வேலியில் பெண் பேசினோம். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவுக்குச் செய்துவிடு என்று உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். “பொண்ணு வூட்டுல மிஸ்ஸிங்னுதாம்மா சொல்லியிருக்கோம். இப்பப் போயி கருமாதின்னா ஒரு வருஷம் தள்ளிடுவாங்க. ஏற்கெனவே எனக்கு வயசு ஜாஸ்தி” என்றாய். சீட்டுக்குச் செத்தவர், கல்யாணத்துக்கு உயிரோடு இருப்பவர். பெற்ற அப்பாவை இவ்வளவு சௌகரியமாக வைத்துக்கொண்ட பிள்ளை உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

உன் கல்யாண மேடையில் தாலித் தட்டைக் கொண்டுவந்து உன் மாமியார் முதலில் என்னிடம் நீட்டினாள். “நீங்க மொதல்ல தொட்டுக் குடுங்க சம்பந்தி. பூவும் பொட்டுமா இத்தனை வருஷம் நம்பிக்கையா இருக்கீங்களே, உங்க கைதான் ராசியான கை” என்றாள். பாவம், அவளுக்குத் தெரியாது. நான் தொட்டேன். கெட்டிமேளம் கொட்டினார்கள். என் கண்ணில் வந்ததை ஆனந்தக் கண்ணீர் என்று கணக்குப் பண்ணிக்கொண்டார்கள். கைம்பெண் தொட்டால் தாலி தீய்ந்துபோகும் என்று நம்புகிறவள் இல்லை நான். தொட்டதில் எனக்குக் குறையில்லை. அவர் இறந்ததைச் சொல்லிவிட்டுத் தொட முடியவில்லையே என்பதுதான் ஆத்திரம்.

அந்த வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. தேவனாம்பட்டினத்தில் என் பழைய மாணவி ஒருத்தியின் அம்மா அஞ்சலை. அவள் புருஷன் படகைக் கட்டப் போனவர், போனவர்தான். உடம்பு கிடைக்கவில்லை. பத்து நாள் தேடினார்கள், அப்புறம் கரையிலேயே உட்கார்ந்து எல்லாக் காரியத்தையும் செய்து முடித்தார்கள். நான் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். “இன்னும் கொஞ்ச நாள் பாத்திருக்கலாமே அஞ்சல, எங்கனா கரை ஒதுங்கி உயிரோட இருந்தா?” என்றேன். சொல்லிவிட்டு என் வாயையே நான் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. உன் தாத்தாவின் பேச்சு என் வாயிலிருந்து வருகிறது! அவள் கோபப்பட்டாள். “இன்னா டீச்சர் பேசுற? என் ஊட்டுக்காரன் உயிரோட இருந்தா நீந்தியாச்சும் எங்கிட்ட வந்திருப்பான். வரலன்னா செத்துட்டான். அவனப் பட்டினியா அலைய வுட்டுட்டு நான் சோறு துண்ணவா?” என்றாள். என் நெற்றியையும் கழுத்தையும் ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்த வருஷம் உன்னிடம் மறுபடி கேட்டேன். உன் பெண்டாட்டி மாசமாக இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் மொட்டை போடக் கூடாது என்று உன் அத்தை போன் போட்டுச் சொன்னாள், நீயும் தலையாட்டினாய். பேத்தி பிறந்தாள், தங்கம்போல் இருந்தாள், நானும் எல்லாவற்றையும் மறந்து கொஞ்சினேன். அவளுக்கு மொட்டை, காதுகுத்து. அப்புறம் நீ சென்னையில் வீடு வாங்கிப் பால் காய்ச்சினாய். ஒவ்வொரு தடவையும் “பாத்துக்கலாம்மா” என்றாய். உன் குணம் நல்ல குணம் தம்பி, முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்ல மாட்டாய். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். உன் பெண்டாட்டி உன்னிடம் ஒன்று கேட்டால் முடியும் என்று சொல், இல்லை முடியாது என்று சொல். அவள் சண்டை போடுவாள், ரெண்டு நாள் பேச மாட்டாள், சரியாகிவிடும். பார்த்துக்கலாம் என்று மட்டும் சொல்லாதே. அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு மயிர் நரைத்துவிட்டது.

போன வருஷம் சிதம்பரம் போயிருந்தபோது எனக்கு நெஞ்சுவலி வந்து அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்களே, அதைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். திரைக்கு அந்தப் பக்கம் உன் அத்தை உன் பெண்டாட்டியிடம் கேட்கிறாள்: “ஏம்மா, அண்ணியோட கூரைப்புடவை எங்க இருக்குன்னு தெரியுமா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா அந்த நேரத்துல தேடிக்கிட்டு நிக்க முடியாது பாரு. குடுத்து வச்சவ, பூவோட பொட்டோட சுமங்கலியா போறா.” உன் பெண்டாட்டி, “மெதுவா பேசுங்க, முழிச்சிருக்காங்க” என்றாள். அவள் நல்ல பெண். நான் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தேன்.

அப்போதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. சாவுக்குப் பயமில்லை. நான் அன்றைக்குச் செத்திருந்தால் கூரைப்புடவையைச் சுற்றி, தலை கொள்ளாமல் பூ வைத்து, ஊர்ப் பெண்களெல்லாம் என் காலைத் தொட்டுக் கும்பிட்டு என்னை அனுப்பியிருப்பார்கள். சுமங்கலி செத்தால் புருஷன் இருக்கிறான் என்று அர்த்தம். நான் முந்திக்கொண்டால் உன் அப்பா சாகவே மாட்டார். தீயில் வெந்து விழுந்த மனுஷனுக்கு ஒரு வாய் எள்ளும் தண்ணீரும் கொடுக்க ஆளில்லாமல், காணவில்லை காணவில்லை என்றே அவர் கதை முடிந்துவிடும். அவரைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் பாக்கி. அது புரிந்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

அதனால்தான் இந்த ஆடி அமாவாசைக்கு வா என்று உன்னைக் கெஞ்சினேன். நாள் முழுக்க வேண்டாம், காலையில் வந்து மத்தியானம் போய்விடு என்றேன். “ஆவணியில அத்தை பேரனுக்குக் காதுகுத்தும்மா, அவுங்க வருத்தப்படுவாங்க” என்றாய். அதற்குப் பிறகுதான் அந்த நாற்பது வருஷக் கேள்வி. போனை வைத்த உடனே எனக்குத் தெளிந்துவிட்டது. நீ வர மாட்டாய். நீ கெட்டவன் என்பதால் இல்லை, பார்க்காத அப்பாவுக்காக அழ உன்னால் முடியாது. அதற்கு உன்னைப் பழக்கியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். உன்னைக் காத்திருக்கத்தான் பழக்கினோம்.

அமாவாசை அன்று விடிந்ததும் ஆட்டோ பிடித்து தேவனாம்பட்டினம் போனேன். கடற்கரை முழுக்க ஜனம். ஒரு குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஐயரிடம் விவரம் சொன்னேன். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியம் செய்ய வேண்டும், அதைச் செய்து கொடுங்கள் என்றேன்.

“பையன் வரலீங்களா?”

“வரலை.”

“எப்பத் தவறினாரு?”

“எழுபத்தொண்ணுல. சண்டையில, ஏரோப்பிளேன்ல போனவரு.”

அவர் எள்ளுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “இத்தனை வருஷமா ஒண்ணும் பண்ணலியா? எங்கம்மா இருந்தீங்க எல்லாரும்?”

“கல்யாண வீட்டுல இருந்தோம்” என்றேன்.

அவர், பெண்கள் நேரடியாகச் செய்கிற வழக்கமில்லை என்று இழுத்தார். “ஆம்பளைங்களுக்கு நேரமில்லை ஐயரே” என்றேன். “சரி, ஒரு தர்ப்பையை எடுத்து உங்க கையால என்கிட்ட குடுங்க. உங்களுக்குப் பதிலா நான் செய்யிறேன். நீங்க செஞ்ச மாதிரிதான்” என்றார். கொடுத்தேன். அவர் தர்ப்பையை முடிந்து முடிந்து தலை, கை, கால் என்று ஓர் உருவம் கட்டினார். அது குட்டையாக இருந்தது. “இன்னும் கொஞ்சம் நீளமா கட்டுங்க, அவரு நல்ல உசரம்” என்றேன். சிரிக்காமல் இன்னொரு கட்டுத் தர்ப்பையை எடுத்துச் சேர்த்துக் கட்டினார். அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

பேர் சொல்லுங்கள் என்றார். புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்த்தவர்கள் வளர்த்தார்கள். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுகூட எழுதித்தான் காட்டினேன். கலியமூர்த்தி என்றேன். அலைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பிளைட் லெப்டினன்ட் கலியமூர்த்தி என்று கத்தினேன். உருவத்துக்குத் தீ வைத்தார். காய்ந்த புல், சட்டென்று பிடித்துக்கொண்டது. தம்பி, நான் அழுதேன். இருபத்தொரு வயசில் அழ வேண்டிய அழுகை. “அய்யோ என் ராசா, எரியும்போது என்னை நெனச்சியா” என்று மாரில் அடித்துக்கொண்டு, கூட்டம் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் மணலில் விழுந்து அழுதேன். யார் யாரோ பெண்கள் ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்து, “ஊட்டுக்காரரா? எப்பம்மா எறந்தாரு?” என்று கேட்டாள். இப்பத்தான் என்றேன்.

தாலிக் கயிற்றை நானே கழற்றி அலையில் விட்டேன். அது அவர் கட்டியது, அவரோடு போகட்டும். பொட்டை எடுக்கவில்லை. அது என் அம்மா எனக்குத் தொட்டிலில் வைத்தது, அதற்கும் யார் உயிருக்கும் சம்பந்தமில்லை. உன் அத்தைக்கு அன்று சாயங்காலமே போனில் சொன்னேன். “அய்யய்யோ, புள்ளைக்குக் காதுகுத்து வச்சிருக்கோமே, இப்பிடிப் பண்ணிட்டீங்களே அண்ணி” என்றாள். அண்ணன் செத்ததற்கு அவள் இன்னும் அழவில்லை. நிறுத்துவதானால் நிறுத்தட்டும், நடத்துவதானால் நடத்தட்டும். இனிமேல் அந்த வீட்டு நல்ல காரியங்களுக்கு அவரும் தடையில்லை, நானும் தடையில்லை.

நீ பிறந்ததிலிருந்து இதை உனக்கு யாரும் நேராகச் சொல்லவில்லை. சீட்டுக்கு ஒரு மாதிரியும் கல்யாணத்துக்கு ஒரு மாதிரியும் சொன்னோம். பெற்றவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் அப்பா இறந்துவிட்டார். எழுந்து போய்த் தலைக்கு ஊற்றிக்கொள், அப்புறம் பிள்ளையைத் தூக்கு. இந்தக் கடிதத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்தாமல் கிழித்துப் போட்டுவிடு. சாவுச் சேதி வந்த காகிதத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.